டயாலிசிஸ் முடிந்ததும் ரத்தம் எவ்வளவு சுத்தமானது? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, மதிய ஷிஃப்ட். பெங்களூரு அல்சூரிலிருந்து ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போவேன், நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருப்பேன், டெக்னீசியன் தம்பி கதவைத் திறந்து "ஆய்த்து அக்கா" என்பார், வீட்டுக்கு வந்துவிடுவோம். முதல் ஒன்றரை வருடம் இப்படியே போனது. மெஷின் நான்கு மணி நேரம் ஓடியதே, ரத்தம் சுத்தமாகியிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. ரசம் சாதம்கூட இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்பார், ராத்திரி முழுக்க முதுகைச் சொறிவார், படுத்தால் கால் சும்மா இருக்காது. வயசாகிறது, சர்க்கரை வேறு இருக்கிறது என்று ஆளுக்கொன்று சொன்னோம். காரணம் அது இல்லை. அவருக்குக் கிடைத்த டயாலிசிஸ் போதவில்லை. மாதாமாதம் கையில் வாங்கி ஃபைலில் வைத்த ரிப்போர்ட்டிலேயே அது இரண்டு எண்களாக எழுதியிருந்தது, எங்களுக்கு வகுத்துப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வகுத்தல் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐந்து நிமிட வேலை. ஆனால் கணக்கைவிட முக்கியமானது, அந்த இரண்டாவது ரத்த சாம்பிளை எந்த நொடியில், எப்படி எடுத்தார்கள் என்பது. அதில் தப்பு நடந்தால் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை, சொல்லப்போனால் கெட்டது நல்லதாகத் தெரியும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது, கீழே வருகிறேன்.

முதலில் எளிய கணக்கு

டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் ஒரு சாம்பிள், முடியும்போது ஒரு சாம்பிள், இரண்டிலும் யூரியா பார்ப்பார்கள். ஏன் யூரியா? நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றிலும் உள்ள புரதம் உடைந்து கடைசியில் யூரியாவாகிறது. சின்ன மூலக்கூறு, தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் பரவும், எந்த லேபிலும் அளக்கலாம். உடம்பில் சேரும் கழிவுகளிலேயே மோசமானது அதுதான் என்பதற்காக இல்லை. அது எவ்வளவு வெளியே போனதோ அதை வைத்து மற்ற சின்னக் கழிவுகளும் எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்கிறோம்.

யு.ஆர்.ஆர்., அதாவது யூரியா குறைந்த சதவீதம் = (முன் யூரியா − பின் யூரியா) ÷ முன் யூரியா × 100

அப்பாவின் ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன் 138, பின் 57. கழித்தால் 81. அதை 138-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 59. அதாவது நூறு பங்கு யூரியாவில் 59 பங்குதான் போயிருக்கிறது. வாரம் மூன்று முறை செய்துகொள்பவருக்கு இது குறைந்தபட்சம் 65 இருக்க வேண்டும், 70 பக்கம் இருந்தால் நிம்மதி. 59 என்பது ஒரு மாதம் வந்தால் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டிய எண். தொடர்ந்து வந்தால் சும்மா விடக்கூடாத எண்.

சில லேப்கள் யூரியா என்று எழுதும், சில லேப்கள் பி.யு.என். என்று எழுதும். பி.யு.என். என்பது யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும், அதை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா. முன், பின் இரண்டும் ஒரே வகையில் இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம், சதவீதம் ஒன்றுதான் வரும். முன்னது யூரியாவாகவும் பின்னது பி.யு.என். ஆகவும் இருந்தால் மட்டும் கணக்கு கோணிப்போகும். அதனால் இரண்டு சாம்பிளும் ஒரே நாள், ஒரே லேபுக்குப் போகட்டும்.

இன்னொரு விஷயம், நிறைய பேர் ஏமாறும் இடம் இது. டயாலிசிஸுக்கு முன்னால் யூரியா குறைவாக இருப்பது நல்ல செய்தி என்று நினைக்காதீர்கள். சாப்பிடாதவருக்கு யூரியா குறைவாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு ஒரு மாதம் முன் யூரியா 90 வந்தபோது வீட்டில் பாயசம் வைக்காத குறை. உண்மையில் அந்த மாதம் அவர் ஒரு முட்டைகூடச் சாப்பிடவில்லை. தனியாக ஒரு எண்ணைப் பார்க்காதீர்கள், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள்.

இரண்டாவது சாம்பிள்

சரி, இப்போது முக்கியமான இடம். 59 வந்த மாதம் எங்களுக்கு அது தெரியாது என்றேனே, அதற்கு அடுத்த மாதம்தான் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். புது ரிப்போர்ட்டில் முன் 142, பின் 40. போட்டுப் பார்த்தால் 72. பழையது 59, புதியது 72, நடுவில் எதையுமே மாற்றவில்லை. அதே மெஷின், அதே நேரம், அதே ஊசி. அப்பாவின் அரிப்பும் அப்படியேதான் இருந்தது. சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா என்று தெரியாமல் டாக்டரிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "பின் சாம்பிள் எடுக்கும்போது பம்பைக் குறைத்தார்களா?"

ஏன் இதைக் கேட்டார் என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து இணைத்த இடம். அதில் இரண்டு ஊசி போடுகிறார்கள், ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்க, ஒன்று சுத்தமானதைத் திருப்பி விட. ஃபிஸ்டுலாவில் ஓட்டம் நன்றாக இருந்தால் எடுக்கிற ஊசிக்கு எப்போதும் உடம்பிலிருந்து புது ரத்தம் வந்துகொண்டே இருக்கும். அந்த ரத்தக்குழாய் எங்காவது சுருங்கி ஓட்டம் குறைந்துவிட்டால் பம்ப் கேட்கிற அளவு ரத்தம் வராது. அப்போது சுத்தமாகித் திரும்பி வந்த ரத்தத்திலேயே கொஞ்சம் மறுபடி எடுக்கிற ஊசிக்குள் போகும். ஏற்கெனவே அலசிய துணியையே திரும்பத் திரும்ப அலசுகிற மாதிரி. இதை மறுசுழற்சி என்கிறார்கள். இப்படி இருக்கும்போது பம்ப் முழு வேகத்தில் ஓட ஓட சாம்பிள் எடுத்தால், அந்தக் குழாயில் இருப்பது உடம்பின் ரத்தமும் சுத்தமான ரத்தமும் கலந்த கலவை. யூரியா குறைவாகக் காட்டும். சதவீதம் உயர்ந்துவிடும்.

அதாவது, எந்தக் கோளாறு ரத்தத்தைச் சுத்தமாக விடாமல் தடுக்கிறதோ அதே கோளாறுதான், சாம்பிளைத் தவறாக எடுத்தால், எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டும். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரியாக எடுக்கும் முறை இது. நீங்கள் எடுக்கப் போவதில்லை, டெக்னீசியன்தான் எடுப்பார். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேட்கலாம்.

முன் சாம்பிளை ஊசி போட்ட உடனே எடுக்க வேண்டும், சலைனோ (உப்பு நீர்) ஹெப்பாரினோ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) உள்ளே போவதற்கு முன். சலைன் கலந்தால் யூரியா நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும், சதவீதமும் குறையும். ஃபிஸ்டுலாவுக்குப் பதில் கழுத்தில் கேத்தீட்டர் என்ற குழாய் போட்டிருப்பவர்களுக்கு அதற்குள் அடைத்து வைத்த ஹெப்பாரின் இருக்கும், அதனால் முதலில் சுமார் 10 மில்லி ரத்தத்தை எடுத்த பிறகே சாம்பிள்.

பின் சாம்பிளுக்கு, டயாலிசிஸ் நேரம் முழுதாக முடிந்ததும் உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுப்பதை நிறுத்தி, டயாலிசேட் (ஃபில்டருக்குள் ரத்தத்திலிருந்து கழிவை வாங்கிக்கொள்ளும் திரவம்) ஓட்டத்தையும் நிறுத்த வேண்டும் அல்லது பைபாஸில், அதாவது ஃபில்டருக்குள் போகாதபடி, திருப்பிவிட வேண்டும். பம்பை நிமிடத்துக்கு 100 மில்லிக்குக் குறைத்து 15 நொடி காத்திருக்க வேண்டும். அந்த 15 நொடியில் குழாயில் இருந்த கலவை நகர்ந்துபோய் உடம்பின் உண்மையான ரத்தம் வந்துவிடும். அப்போது, எடுக்கிற பக்கத்துக் குழாயில், அதாவது சிவப்பு அடையாளம் உள்ள பக்கம், கைக்கு அருகில் உள்ள போர்ட்டிலிருந்து எடுக்க வேண்டும். இன்னொரு முறையும் உண்டு, பம்பைக் குறைக்காமல் டயாலிசேட்டை மட்டும் 3 நிமிடம் நிறுத்திவிட்டு எடுப்பது. இரண்டில் எதுவானாலும் சரி, ஆனால் மாதாமாதம் ஒரே முறையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட முடியாது.

ரொம்ப நேரம் காத்திருந்து எடுப்பதும் தப்புதான். டயாலிசிஸ் நின்றதும் தசைக்குள்ளும் செல்களுக்குள்ளும் ஒளிந்திருந்த யூரியா மெதுவாக ரத்தத்துக்கு வரும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பின் யூரியா ஏறிவிடும். ஊசியைப் பிடுங்கி, பஞ்சு வைத்து அழுத்தி, டீ குடித்த பிறகு வேறு கையில் எடுத்த சாம்பிளை வைத்துக் கணக்குப் போட்டால் உள்ளதைவிட மோசமாகக் காட்டும்.

இதை எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்களுக்கு: நான் கன்னடத்தில் சொன்னது ஒரே வரி, "பம்ப் ஸ்லோ மாடி தகொள்ளி, ப்ளீஸ்." பம்பை மெதுவாக்கி எடுங்கள் என்று அர்த்தம். அந்தத் தம்பி கோபப்படவில்லை. ஆறு படுக்கைக்கு ஒருவர் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு முடிக்கிறார், அவசரத்தில் விட்டுப்போகிறது, அவ்வளவுதான். அந்த மாதம் அப்படியே குறைத்து எடுத்தார். முன் 140, பின் 58. சதவீதம் 59. போன மாதத்து 72 பொய் என்று அப்போதுதான் நிச்சயமானது.

கேடி/வி என்பது என்ன

ரிப்போர்ட்டிலோ டாக்டர் சீட்டிலோ கேடி/வி என்று ஓர் எண் இருக்கும், 1.1, 1.3 என்று. மூன்று எழுத்தும் மூன்று விஷயம். கே என்பது ஃபில்டர் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி ரத்தத்திலிருந்து யூரியாவை முழுதாக நீக்குகிறது என்பது. டி என்பது நேரம். வி என்பது யூரியா பரவியிருக்கும் உடம்புத் தண்ணீரின் அளவு, ஆண்களுக்கு எடையில் ஏறக்குறைய 60 சதவீதம், பெண்களுக்கு 50 முதல் 55.

60 கிலோ எடையுள்ள ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், உடம்புத் தண்ணீர் 36 லிட்டர். ஃபில்டர் நிமிடத்துக்கு 200 மில்லி சுத்தம் செய்கிறது, 240 நிமிடம் ஓடுகிறது. 200 × 240 = 48,000 மில்லி, அதாவது 48 லிட்டர். 48-ஐ 36-ஆல் வகுத்தால் 1.33. வாரம் மூன்று முறை செய்பவருக்கு ஒவ்வொரு தடவையும் குறைந்தது 1.2 கிடைக்க வேண்டும், 1.4-ஐக் குறிவைக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் கே.டி.ஓ.க்யூ.ஐ. வழிகாட்டி சொல்வது, இந்த ஊர் சிறுநீரக டாக்டர்களும் பேச்சில் சொல்லும் எண்கள் இவைதான்.

இப்போது அதே ஆள் மழையில் சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் தாமதமாக வருகிறார் என்று வையுங்கள். அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஆள் காத்திருப்பதால் வழக்கமான நேரத்துக்கே எடுத்துவிடுகிறார்கள். 200 × 210 = 42 லிட்டர், 36-ஆல் வகுத்தால் 1.17. கோட்டுக்குக் கீழே போய்விட்டார். அரை மணி நேரம்தானே என்று நாம் நினைப்பது உடம்புக்குச் சின்ன விஷயம் இல்லை. கால் பிடிக்கிறது, பி.பி. இறங்குகிறது என்று 20 நிமிடம் முன்னால் கழற்றச் சொல்வதும், அலாரம் அடித்து பம்ப் நின்று நின்று ஓடுவதும் இதே கணக்கில்தான் சேரும். மெஷினில் மீதி நேரம் காட்டும், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் அதைப் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் கேடி/வி போட்டுத் தரவில்லை என்றால் இரண்டு யூரியாவை வைத்து நீங்களே போடலாம். டௌகிர்தாஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1993-இல் கொடுத்த சூத்திரம், இன்றும் உலகம் முழுக்க இதுதான் புழக்கத்தில் இருக்கிறது:

ஆர் = பின் யூரியா ÷ முன் யூரியா

கேடி/வி = − எல்என் (ஆர் − 0.008 × மணி) + (4 − 3.5 × ஆர்) × (எடுத்த தண்ணீர் ÷ முடிந்த பிறகு எடை)

தண்ணீர் லிட்டரில், எடை கிலோவில், நேரம் மணியில். எல்என் என்பது இயல் மடக்கை, போன் கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அந்தப் பொத்தான் வரும். பிளஸ் டூ கணக்கை மறந்தவர்கள் பயப்பட வேண்டாம், பொத்தானை அழுத்துவதுதான் வேலை.

அப்பாவின் கணக்கு: முன் 140, பின் 58, ஆர் 0.414. நான்கு மணி நேரம், 2.5 லிட்டர் எடுத்தார்கள், முடிந்த பிறகு 58 கிலோ. 0.008 × 4 = 0.032. 0.414-இல் அதைக் கழித்தால் 0.382. அதன் எல்என் −0.96, முன்னால் கழித்தல் குறி இருப்பதால் 0.96 ஆகிறது. அடுத்த பகுதி, 3.5 × 0.414 = 1.449, 4-இல் கழித்தால் 2.551. அதை 2.5 ÷ 58-ஆல், அதாவது 0.0431-ஆல் பெருக்கினால் 0.11. கூட்டினால் 1.07. போதாது.

சதவீதம் மட்டும் போதாதா, இது எதற்கு என்று கேட்டால், தண்ணீரோடு சேர்ந்து வெளியேறும் யூரியாவைச் சதவீதம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. இரண்டு பேருக்கும் 65 சதவீதம், இரண்டு பேரும் 58 கிலோ, நான்கு மணி நேரம் என்று வையுங்கள். ஒருவருக்குத் தண்ணீரே எடுக்கவில்லை என்றால் கேடி/வி 1.15, மற்றவருக்கு 3 லிட்டர் எடுத்தால் 1.29. ஒருவர் கோட்டுக்குக் கீழே, ஒருவர் மேலே. ஆனாலும் மாதாமாதம் வீட்டில் கண்காணிக்கச் சதவீதமே போதும் என்பது என் கருத்து; அது கீழே இறங்கினால் இதைப் போட்டுப் பாருங்கள்.

சில புது மெஷின்களில் கேடி/வி திரையிலேயே ஓடும். ஃப்ரெசீனியஸ் மெஷினில் ஓ.சி.எம். என்று இருக்கும், டயாலிசேட்டில் உப்பின் மின்கடத்தலைச் சற்று மாற்றி ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்று அது அளக்கிறது. பி.பிரவுன் மெஷினில் அடிமியா, வெளியே போகும் டயாலிசேட்டில் புற ஊதாக் கதிரை விட்டு அளக்கிறது. ரத்தம் எடுக்காமல் ஒவ்வொரு தடவையும் பார்க்க முடிவது பெரிய வசதி. ஆனால் உடம்புத் தண்ணீர் அளவுக்காகவோ எடைக்காகவோ டெக்னீசியன் ஓர் எண்ணை உள்ளே கொடுக்க வேண்டும். முந்தைய நோயாளியின் எண்ணே இருந்துவிட்டால் திரையில் வருவது உங்கள் கணக்கு இல்லை. மாத ரத்தப் பரிசோதனையை அதற்காக விட்டுவிடாதீர்கள்.

எண் குறைவாக வந்தால் எங்கே தேடுவது

பம்ப் வேகத்தில் ஆரம்பியுங்கள். அப்பாவுக்கு எழுதியிருந்தது நிமிடத்துக்கு 300 மில்லி, நான்கு மணி நேரத்துக்கு 72 லிட்டர் ரத்தம் ஃபில்டர் வழியாகப் போயிருக்க வேண்டும். மெஷினில் மொத்தம் எத்தனை லிட்டர் ரத்தம் ஓடியது என்று ஒரு பக்கத்தில் காட்டும், டெக்னீசியனைக் கேட்டால் எடுத்துத் தருவார். ஒரு நாள் பார்த்தேன், 58 லிட்டர். 240 நிமிடத்தால் வகுத்தால் 242 மில்லிதான் சராசரி. ரத்தம் வராமல் அலாரம் அடித்தபோதெல்லாம் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள், அது சீட்டில் எழுதப்படவில்லை. இந்த லிட்டர் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொண்டால் லேபுக்குப் போகாமலே பாதி தெரிந்துவிடும், தயவுசெய்து தினமும் பாருங்கள்.

ரத்தம் ஏன் வரவில்லை? ஊசி சின்னதாக இருக்கலாம். 17 கேஜ் ஊசியில் 300 ஓட்டுவது கஷ்டம், 16 அல்லது 15 வேண்டும், எண் குறையக் குறைய ஊசி பெரிசு. இரண்டு ஊசியும் ரொம்ப நெருக்கமாக இருக்கலாம், அல்லது இடம் மாறிப் போட்டிருக்கலாம். ஃபிஸ்டுலாவே சுருங்கியிருக்கலாம். தினமும் காலையில் கையை வைத்துப் பாருங்கள், பூனை வயிற்றைத் தொட்ட மாதிரி ஒரு தொடர்ந்த அதிர்வு இருக்க வேண்டும். அது துடிப்பாக மட்டும், டக் டக் என்று மாறினால், அல்லது ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க வழக்கத்தைவிட அதிக நேரமானால், டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள். அப்பாவுக்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் இணைப்புக்குக் கொஞ்சம் மேலே ரத்தக்குழாய் நன்றாகச் சுருங்கியிருந்தது. பலூன் வைத்து விரித்தார்கள். அடுத்த மாதம் முன் 140, பின் 42. சதவீதம் 70, கேடி/வி 1.44. இந்த முறை பம்பைக் குறைத்துத்தான் எடுத்தார்கள், நான் நின்று பார்த்தேன். மூன்றே வாரத்தில் அப்பா கருவாட்டுக் குழம்பு கேட்டார். பொட்டாசியம், உப்பு எல்லாவற்றையும் நினைத்துக் கருவாட்டுக்குப் பதில் மீன் வைத்தோம், ஆனால் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே எங்களுக்குப் பெரிசு.

அடுத்து ஃபில்டர். நம் ஊரில் பல இடங்களில் ஒருவருடைய ஃபில்டரைக் கழுவி அவருக்கே மறுபடி பயன்படுத்துகிறார்கள். முறையாகச் செய்தால் அதில் தப்பில்லை. ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் அதற்குள் எவ்வளவு நீர் பிடிக்கிறது என்று அளக்க வேண்டும், புதிதாக இருந்தபோது பிடித்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டும். இந்த அளவைப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள், பார்க்கக் கேட்பதில் தவறே இல்லை. டயாலிசிஸ் முடியும்போது ஃபில்டருக்குள் கருஞ்சிவப்பு இழைகள் நிறையத் தெரிந்தால் ரத்தம் உறைந்திருக்கிறது, அந்த இழைகள் வழியே அன்று எதுவும் சுத்தமாகவில்லை. ஹெப்பாரின் அளவைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். உடம்பு பெரியவருக்குச் சின்ன ஃபில்டர் போட்டிருந்தாலும் எண் ஏறாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் நேரத்தைக் கூட்டுவதுதான் வழி. யாருக்கும் பிடிக்காத வழி. இருந்தாலும் பம்ப் வேகத்தைக் கூட்டுவதைவிட நேரத்தைக் கூட்டுவது உடம்புக்கு மென்மையானது என்பதை அப்பாவிடமே பார்த்தேன், நாலரை மணி ஆக்கிய பிறகு கால் பிடிப்பதும் குறைந்தது.

கோடு எல்லோருக்கும் ஒன்றல்ல

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி டோல் தாண்டி பஸ்ஸில் வரும் ஓர் அண்ணன் வாரம் இரண்டு முறைதான் செய்துகொள்கிறார், பணமும் லீவும் அவ்வளவுதான் அனுமதிக்கிறது. அவருக்குக் கேடி/வி 1.3 வந்தது, நல்லாயிருக்கு என்றார். 1.2 என்ற கோடு வாரம் மூன்று முறைக்கானது. இரண்டு முறைக்கு அதே கோட்டை வைத்துத் திருப்திப்பட முடியாது, வாரம் முழுக்கச் சேரும் கழிவு ஒன்றுதானே. இரண்டு முறை போதுமா என்பது அவருடைய சொந்தக் கிட்னி இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. இன்னும் சிறுநீர் போகிறவர்கள் ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து அளந்து, அதில் யூரியாவும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அந்த மிச்சக் கிட்னி தங்கம். மூட்டு வலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரை அதைத்தான் முதலில் கெடுக்கும்.

ஒல்லியான பெண்களுக்கு வேறு சிக்கல். உடம்புத் தண்ணீர் குறைவு என்பதால் வகுக்கும் எண் சின்னது, இரண்டே முக்கால் மணி நேரத்திலேயே 1.3 வந்துவிடும், சீக்கிரம் முடிக்கலாமே என்று தோன்றும். ஒத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர் போகாதவருக்கு வாரம் மூன்று முறை என்றாலும் ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பாஸ்பரஸ் மெதுவாகத்தான் வெளியே வரும், தண்ணீரை அவசரமாக எடுத்தால் பி.பி. விழும், இது இரண்டையும் கேடி/வி அளக்காது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் தண்ணீர் எடுக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. 58 கிலோவுக்கு அது மணிக்கு முக்கால் லிட்டர்.

அதற்காக எண்ணை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் ஹீமோ என்ற பெரிய ஆய்வு 2002-இல் வெளியானது, சராசரி 1.3 கிடைத்தவர்களையும் 1.7 கிடைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள், மொத்தத்தில் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. போதுமான அளவு கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. போதவில்லை என்றால் உடம்பு சொல்லும், பசி போகும், அரிக்கும், தூக்கம் கெடும். எண் நன்றாக இருந்தும் உடம்பு அப்படிச் சொன்னால் உடம்பை நம்புங்கள், சாம்பிள் எடுத்த விதத்தைச் சந்தேகப்படுங்கள்.

2016 பட்ஜெட்டில் அறிவித்த பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் எப்படிக் கேள்வி கேட்பது என்று கூச்சப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் கேளுங்கள். பம்பை 15 நொடி குறைக்கக் காசு ஆகாது.

கடைசியாக நோட்டுப் புத்தகம். நாற்பது பக்க நோட்டு போதும், ஒவ்வொரு நாளும் ஒரு வரி: வந்த எடை, போன எடை, ஓடிய நிமிடம், ஓடிய லிட்டர், ஏதாவது நடந்தால் அது. மாதம் ஒரு முறை, முடிந்தால் வாரத்தின் நடு நாளில், அப்பாவுக்கு அது புதன், முன் யூரியா, பின் யூரியா, சதவீதம், சாம்பிள் எடுத்த முறை. பொங்கலுக்கு ஊருக்குப் போய் அங்கே டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தால் இந்த நோட்டையும் ட்ரை வெயிட் (கூடுதல் தண்ணீர் போன பிறகு இருக்க வேண்டிய எடை), ஃபில்டர் வகை, பம்ப் வேகம், ஹெப்பாரின் அளவு எழுதிய சீட்டையும் எடுத்துப் போங்கள். போன தை மாதம் திருப்பத்தூரில் அப்பாவுக்கு இரண்டு தடவை செய்தோம். அங்கிருந்த சிஸ்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 300-இல் ஓட்டலாம் இல்லையா என்று அவரே கேட்டார்.